கோவக்காரப் பையன், அமைதியான பொண்ணு: ஐந்து வயதுக்குள் வரும் கோபம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்கோடு, பென்னாகரம், காவேரிப்பட்டணம் பக்கத்துப் பால்வாடிகளில் அம்மாக்கள் கூட்டம் நடக்கும்போது பிள்ளை வளர்ப்பு பற்றிப் பேச என்னைக் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாகப் போய்வருகிறேன். எடை, தடுப்பூசி, சத்துமாவு என்று எதைப் பேசினாலும் சரி, கூட்டம் கலையும் நேரத்தில் யாராவது ஒருவர் இடுப்பில் இருப்பதைக் காட்டி, "இதோட கோவத்துக்கு எதுனா மருந்து இருக்குதுங்களா?" என்பார். பின்னாலேயே ஒரு ஆயா (பாட்டி), "ஆம்பளப் புள்ள அப்படித்தான் இருக்கும், உட்டுத் தள்ளு" என்பார். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் வந்த கேள்விகள்தான் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன்.

ஆம்பளப் பசங்களுக்குத்தாங்க கோவம் ஜாஸ்தி. அது பொறப்புலயே வர்றதுதானே?

பாதிதான் சரி. கோபம் வருவதில் ஆண் பெண் வித்தியாசம் ரொம்பக் குறைவு. வந்த கோபத்தைப் பிடித்து நிறுத்துவதில்தான் வித்தியாசம் தெரிகிறது. 2006இல் அமெரிக்காவில் நிக்கோல் எல்ஸ்-குவெஸ்ட், ஜேனட் ஹைட் உள்ளிட்ட ஆய்வாளர்கள், 3 மாதக் குழந்தை முதல் 13 வயது வரை அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். எரிச்சல், கோபம், அழுகை இதிலெல்லாம் பையனும் பொண்ணும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று வந்தது. ஓட்டம், துள்ளலில் பையன்கள் கொஞ்சம் மேலே. தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதில் பெண் குழந்தைகள் நன்றாகவே மேலே.

தொப்பூர் கணவாயில் இறங்குகிற லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். பாரம் இரண்டு லாரியிலும் ஒன்றுதான். பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கட்டுப்பாடுன்னா சொன்ன பேச்சு கேக்கறதுதானே?

இல்லை. இங்கேதான் எல்லாரும் குழம்புகிறார்கள். பயந்து அடங்கிப் போவது வேறு, தானாக நிறுத்திக்கொள்வது வேறு. கை ஓங்கியபின் அடிக்காமல் இறக்குவது, சறுக்கு மரத்தில் தன் முறை வரும்வரை நிற்பது, 'சிலை' என்றதும் ஆடுகிற காலை அப்படியே நிறுத்துவது, இதெல்லாம் கட்டுப்பாடு. அப்பா வீட்டுக்குள் வந்ததும் சுவரோரம் ஒதுங்கி உட்காருவது கட்டுப்பாடு ஆகாது. அப்பா வெளியே போனதும் என்ன நடக்கிறது என்று பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இதற்கான மூளைப் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. இருபத்தைந்து வயது வரைகூட அது வளர்ந்துகொண்டே இருக்கும். மூன்று வயதில் அது இன்னும் சாரம் கட்டி நிற்கிற வீடு.

ரெண்டு வயசுலயே தரையில உருண்டு பொரள்றான். இது சாதாரணமா?

சாதாரணம்தான். 1931லேயே ஃப்ளாரன்ஸ் குட்எனஃப் என்ற ஆய்வாளர் 45 குழந்தைகளின் அம்மாக்களிடம் நோட்டுப் புத்தகம் கொடுத்து, பிள்ளைக்குக் கோபம் வரும்போதெல்லாம் எழுதச் சொன்னார். கோபம் உச்சத்தில் இருந்தது இரண்டாவது வயதில்தான், பிறகு இறங்கியது. அடிப்பது, கடிப்பது, தள்ளுவதும் இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு குறைகிறது என்று கனடாவில் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே வருடக்கணக்காகப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்துச் சொன்னார். அடிக்கக் கற்றுக்கொண்டு வளர்வதில்லை, அடிக்காமல் இருக்கத்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்பது அவர் கட்சி. எனக்கு இது ரொம்பப் பிடித்த கருத்து.

முக்கால்வாசி அடம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நமக்குத்தான் அது அரை நாள் மாதிரி இருக்கும், அதுவும் பஸ் ஸ்டாண்டில் என்றால்.

அப்படின்னா எம் பொண்ணு ஏன் அவ அண்ணனவிட மோசமாக் கத்துறா?

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் இரண்டு குவியலைப் பாருங்கள். பெங்களூரா ஒரு பக்கம், செந்தூரா ஒரு பக்கம். மொத்தத்தில் பெங்களூரா பெரிய காய். ஆனால் கண்ணை மூடி ஒவ்வொன்று எடுத்தால் உங்கள் கையில் வந்த செந்தூரா பெரிதாக இருக்க வாய்ப்பு உண்டா இல்லையா? ஆய்வு சொல்வது குவியலைப் பற்றி. உங்கள் மடியில் இருப்பது ஒரு காய்.

அந்த 2006 கணக்கில் கட்டுப்பாட்டில் இருந்த வித்தியாசத்தை நூறு பேரை வைத்துச் சொன்னால், நூறு பெண் குழந்தைகளில் சுமார் 84 பேர் சராசரிப் பையனைவிட மேலே இருப்பார்கள். மீதி 16 பேர் சராசரிப் பையனைவிடக் கீழே. உங்கள் மகள் அந்தப் பதினாறில் ஒருத்தியாக இருக்கலாம். அதில் குற்றமும் இல்லை, குறையும் இல்லை.

ஆம்பள ரத்தம் சூடு. ஹார்மோன்தான் காரணம்னு எங்க மாமா சொல்றாரு?

இந்த வயதுப் பிள்ளைக்கு மாமா அதைச் சொல்ல முடியாது. ஆண் ஹார்மோன் பிறந்து சில மாதங்கள் பையன்களுக்குக் கூடுதலாகச் சுரக்கும். அரை வயது வாக்கில் இறங்கிவிடும். அதன்பிறகு மீசை அரும்புகிற பருவம் வரை பையன் பொண்ணு இரண்டு பேருக்கும் ரொம்பக் குறைவுதான். மூன்று வயதுப் பையன் மண்ணை வாரி வீசுவதற்கு ரத்தத்தின் மேல் பழி போட வழியில்லை. கருவில் இருக்கும்போது படும் ஹார்மோனுக்குப் பங்கு உண்டா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

பின்ன எதுனாலதான் பசங்களுக்கு நிறுத்த வர மாட்டேங்குது?

எனக்குத் தெரிந்து முதல் காரணம் பேச்சு. பெண் குழந்தைகளுக்குச் சராசரியாகக் கொஞ்சம் சீக்கிரம் வார்த்தை வருகிறது. பேச்சு தாமதமாகும் பிள்ளைகளில் பையன்கள் அதிகம். "எனக்கு வேணும்", "அவன் புடுங்கிட்டான்", "இரு" என்று சொல்ல வாய் வராத பிள்ளைக்கு மிச்சம் இருப்பது கையும் பல்லும்தான். பமேலா கோல் என்பவரின் குழு ஒன்றரை வயது முதல் நாலு வயது வரை பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தது. பேச்சு நன்றாக வளர்ந்த பிள்ளைகள் நாலு வயதில் காத்திருக்கும்போது கோபத்தைக் குறைவாகவே காட்டினார்கள்.

பென்னாகரம் பக்கம் ஒரு பால்வாடியில் இதை நேராகவே பார்த்தேன். மூன்று வயது ஆகப்போகும் பையன். பத்து வார்த்தை பேசுவான், அவ்வளவுதான். இன்னொருத்தன் அவனுடைய தட்டை இழுத்ததும் தோளில் கடித்துவிட்டான். டீச்சர் அவனைத் திட்டவில்லை. உட்காரவைத்து, தட்டை ஒரு கையால் பிடித்து, "என்து" என்று சொல்லிக் காட்டினார். மறுபடி. மறுபடி. பத்துப் பன்னிரண்டு நாள். நான் அடுத்த மாதம் போனபோது அவன் ஊரில் இருக்கிற எல்லாவற்றையும் பிடித்து "என்து, என்து" என்று கத்திக்கொண்டிருந்தான். சண்டை குறையவில்லை, கடி நின்றுவிட்டது. அது பெரிய விஷயம்.

இரண்டாவது காரணம் அந்தத் துள்ளல். சும்மாவே ஓடுகிற பிள்ளை மோதுகிறது, தட்டி விடுகிறது, சண்டைக்கு வாய்ப்பு கூடுகிறது. மூன்றாவது காரணம் நாம். அதற்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

நாங்க பையன் பொண்ணுன்னு வித்தியாசமே பாக்கறதில்லீங்க. ரெண்டையும் ஒரே மாதிரிதான் வளக்கறோம்.

எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள், மனசாரத்தான் சொல்கிறார்கள். 1976இல் காண்ட்ரி என்ற ஆய்வாளர் தம்பதி ஒரு காரியம் செய்தார்கள். ஒன்பது மாதக் குழந்தை ஒன்று, மூடியைத் திறந்தால் எகிறி வரும் பொம்மையைப் பார்த்து வீறிடுகிறது. இந்தப் படத்தைப் பெரியவர்களிடம் போட்டுக் காட்டினார்கள். பையன் என்று சொல்லிக் காட்டியபோது, பார்த்தவர்கள் அதிகம் சொன்னது "கோபப்படுகிறான்". பொண்ணு என்று சொல்லிக் காட்டியபோது "பயப்படுகிறாள்". குழந்தை ஒன்று, அழுகை ஒன்று. மாறினது பெயர் மட்டும்தான்.

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் போன வருடம் ஒரு குடும்பம் பலூன்காரரிடம் நின்றது. அக்கா மகனும் தங்கை மகளும். இரண்டுக்கும் மூணு மூணரை இருக்கும். இருந்தது ஒரே ஒரு சிவப்பு பலூன். பையன் இழுத்தான், அவள் விடவில்லை, அவன் அறைந்தான். ஆயா சிரித்தார். "பாருடா எங்க அப்பனாட்டமே கோவம்!" குரலில் பெருமை. அவள் திருப்பி அறைந்தாள். அதே ஆயா, அதே நிமிடம்: "பொட்டப் புள்ளைக்கு கை நீளுது பாரு, இப்பவே அடக்கி வைடி." பலூன் கடைசியில் அவனிடம் போனது. பலூன்காரர் அவளிடம் ஒரு மஞ்சள் பலூனை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு அழாமல் நின்றாள். எல்லாரும் "சமத்து" என்றார்கள்.

ஒரு நாளில் இது பத்து தடவை நடந்தால் ஐந்து வயதுக்குள் எத்தனை தடவை என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வரவேண்டியிருந்த சீமை இது. பிறப்பதற்கே கணக்குப் பார்க்கப்பட்ட பெண் குழந்தை கோபப்படவும் கணக்குப் பார்க்கப்படுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, வருத்தம்தான்.

பொம்பளப் புள்ள பொறுமையா இருந்தா நல்லதுதானே? நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ.

பொறுமை நல்லதுதான். முழுங்குவது நல்லதில்லை. மேலே சொன்ன பமேலா கோல் 1986இல் சிறு பிள்ளைகளுக்கு அவர்களுக்குப் பிடிக்காத, ஒன்றுக்கும் உதவாத பரிசு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். கொடுத்தவர் எதிரில் இருக்கும்போது பெண் குழந்தைகள் ஏமாற்றத்தை மறைத்து முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டார்கள். அவர் இல்லாதபோது அந்த முகம் இல்லை. பலூன் சந்தையில் நான் பார்த்ததும் அதுதான்.

முகத்தை மாற்றிக்கொள்ளத் தெரிவது ஒரு திறமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது மட்டுமே தெரிந்த பிள்ளைக்கு, யாராவது தொடக் கூடாத இடத்தில் தொட்டால், "விடு" என்று கத்த வருமா? கேள்வி கேட்ட அம்மா அன்று பதில் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

பையன் அடிக்கிறான், தெரியுது. பொண்ணு அடிக்கறதே இல்ல, ஆனா 'உங்கூட டூ'ன்னு நாள் பூரா ஒதுக்கி வைக்கிறா. அது கோவம் இல்லையா?

கோபமேதான். கைக்குப் பதில் வாய். நாலு வயதிலேயே ஆரம்பித்துவிடும். பையன்களும் செய்வார்கள், நாம் கவனிப்பதில்லை. ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு அறை வாங்கினதைவிடக் கம்மியாக வலிக்காது. அடிக்கு என்ன செய்வீர்களோ அதையே இதற்கும் செய்யுங்கள்: கூப்பிட்டு உட்காரவைத்து, என்ன வேண்டியிருந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு வளையலோ ஒரு இடமோதான் இருக்கும்.

அழுது அழுது மூச்சே நின்னு நீலமாயிடுறா. கோவத்துலதானே? பயமா இருக்குது.

பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் வருகிறது. பையனுக்கும் வரும், பொண்ணுக்கும் வரும். அழுகையின் உச்சியில் மூச்சை விட்டபின் இழுக்காமல் நின்றுவிடும், உதடு நீலமாகும், சில நொடி மயக்கம்கூட வரும். ஒரு நிமிடத்துக்குள் தானாக மூச்சு திரும்பும். வேண்டுமென்றே செய்வதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்தில் இருங்கள். உலுக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். முதல் தடவை வந்தால் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும், வலிப்பா இதுவா என்று அவர்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

நம் பக்கம் உடனே கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள். இரும்பு வேண்டியதுதான், ஆனால் கையில் இல்லை, ரத்தத்தில். இப்படி மூச்சு நிற்கும் பிள்ளைகள் பலருக்கு ரத்தசோகை இருக்கிறது, இரும்புச்சத்து கொடுத்தால் பலருக்குக் குறைகிறது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்து மருந்து கேளுங்கள்.

நாலு சாத்து சாத்துனா அடங்கிடாதா? நாங்கல்லாம் அடி வாங்கி வளரலையா?

அந்த நிமிடம் அடங்கும். அதுதான் அடியில் இருக்கிற ஏமாற்று. 2016இல் எலிசபெத் கெர்ஷாஃப் என்பவரும் கூட்டாளியும் 75 ஆய்வுகளில் இருந்த சுமார் 1,60,000 பிள்ளைகளின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். அடி வாங்கும் பிள்ளைகளிடம் பிறரை அடிப்பதும் எதிர்ப்பதும் கூடுதலாகத்தான் இருந்தது. முரட்டுப் பிள்ளைதான் அதிகம் அடி வாங்குமோ என்று கேட்கலாம். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். ஆனால் அடித்ததால் கட்டுப்பாடு வளர்ந்தது என்று காட்ட அதில் எதுவும் இல்லை. முரட்டுப் பையன் அடி வாங்குகிறான், வாங்கினதைத் தங்கச்சியிடம் கொடுக்கிறான். நீங்கள் வாங்கிய அடி பற்றி: அடி வாங்கியும் நன்றாக வந்தீர்கள், அடியால் இல்லை.

செல்போன் கையில குடுத்தா அடுத்த நொடி நிறுத்திடுறான். அதுல என்ன தப்பு?

எப்போதாவது என்றால் தப்பில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் நானே கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு அழுகைக்கும் கொடுத்தால்தான் சிக்கல். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் 422 பேரைத் தொடர்ந்து கேட்டார்கள். 2022 கடைசியில் வெளிவந்தது. சமாதானப்படுத்த அடிக்கடி போன் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் பிறகு இன்னும் சீக்கிரம் கொதித்தார்கள். இது பையன்களிடமும், இயல்பிலேயே துள்ளல் கூடின பிள்ளைகளிடமும் நன்றாகத் தெரிந்தது. பிரேக் பழகவேண்டிய பையனுக்கு வண்டியையே நிறுத்திக் கொடுத்துவிட்டால் எப்போது பழகுவான்?

யூடியூப்ல மிட்டாய் சோதனை பாத்தோம். எம் பையன் அரை நிமிஷம்கூட காத்திருக்கல. அப்ப அவன் எதிர்காலம்?

ஒன்றும் ஆகாது. வால்டர் மிஷல் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் 1960களின் கடைசியில் ஆரம்பித்த சோதனை அது. இப்போதே சாப்பிட்டால் ஒரு இனிப்பு, காத்திருந்தால் இரண்டு. காத்திருந்தவர்கள் பின்னால் படிப்பில் நன்றாக வந்தார்கள் என்று சொன்னதால் பிரபலமாகிவிட்டது. 2018இல் இன்னும் நிறையப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது, குடும்ப வசதியையும் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு பெருமளவு கரைந்துபோனது.

என்னைக் கவர்ந்தது 2013இல் செய்த ஒரு சின்னச் சோதனை. 28 பிள்ளைகள்தான். பாதிப் பேருக்கு "நல்ல கலர் பென்சில் எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார்கள். மீதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு இனிப்பு. ஏமாந்த பிள்ளைகள் சராசரியாக மூன்று நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாறாதவர்கள் பன்னிரண்டு நிமிடம். "இரு சாமி, சந்தைக்குப் போயி வாங்கியாறேன்" என்று சொல்லிவிட்டு நீங்கள் எத்தனை தடவை சும்மா வந்திருக்கிறீர்கள்? இன்னொன்று. 2018இல் வந்த ஒரு ஆய்வில் காமரூன் நாட்டு விவசாயக் குடும்பங்களின் நாலு வயதுப் பிள்ளைகளில் சுமார் 70 சதவீதம் பேர் முழு நேரமும் காத்திருந்தார்கள், ஜெர்மனிப் பிள்ளைகளில் 28 சதவீதம். பிரேக் வீட்டிலும் ஊரிலும் செய்யப்படுகிறது.

அப்ப உலகம் பூரா பொண்ணுங்கதான் முன்னாடின்னு சொல்ல முடியாதா?

முடியாது. நான் முதல் பதிலில் சொன்ன 2006 கணக்கு பெரும்பாலும் மேற்கு நாட்டுப் பிள்ளைகளைப் பற்றியது, அதிலும் பல ஆய்வுகள் அம்மாவும் டீச்சரும் போட்ட மார்க். 2013இல் அமெரிக்கா, தைவான், தென்கொரியா, சீனா நாலு இடத்திலும் பிள்ளைகளையே ஒரு விளையாட்டு விளையாடவைத்து அளந்தார்கள்: தலையைத் தொடு என்றால் காலைத் தொட வேண்டும். அமெரிக்காவில் பெண் குழந்தைகள் முன்னால் வந்தார்கள். ஆசிய நாடுகள் மூன்றிலும் நேரடி அளவில் வித்தியாசம் தெரியவில்லை.

இதை நம் பால்வாடிகளில் விளையாட்டாகச் செய்து பாருங்கள், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். நான் பார்த்தவரை முதலில் தோற்பவர் எப்போதும் டீச்சர்தான்.

நாங்க பெங்களூருல சித்தாள் வேலை. பையன் தாத்தா ஆயாகிட்ட. அவங்ககிட்ட சமத்தா இருக்கான், நாங்க வந்தா மட்டும் ஆடித் தீக்கறான். எங்க மேல வெறுப்பா?

வெறுப்பு இல்லை. யாரிடம் காட்டினால் பாதுகாப்போ அங்கேதான் பிள்ளை கோபத்தைக் காட்டும். ஒரு மாதம் சேர்த்துவைத்ததை நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கினதும் கொட்டுகிறான். முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வான், இரண்டாம் நாள் காலைக் கட்டிக்கொள்வான், கிளம்புகிற அன்று கல்லைத் தூக்குவான். தூங்கும்போது சொல்லாமல் போகாதீர்கள். அழுதாலும் சொல்லிவிட்டுப் போங்கள், எந்தப் பண்டிகைக்கு வருவீர்கள் என்று சொல்லுங்கள், சொன்னால் வாருங்கள். பென்சில் கதை நினைவிருக்கட்டும்.

சரிங்க, கத்திட்டு இருக்கறப்ப நான் என்னதான் செய்யறது?

உச்சத்தில் இருக்கும்போது ஒன்றும் சொல்லாதீர்கள், காதில் ஏறாது. கல், அடுப்பு, கிணற்று மேடு பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டு தள்ளி உட்காருங்கள். பெரும்பாலும் கோபம் முதலில் இறங்கும், அழுகை கடைசியில் மிஞ்சும். அந்த வெறும் அழுகை வந்ததும் கையை நீட்டுங்கள், வருவான். அப்போது ஒரே வாக்கியம்: "பலூன் கிடைக்கலன்னு கோவம் வந்துச்சு, இல்ல?" கேட்ட பொருளைக் கொடுக்கவேண்டியதில்லை. கோபத்துக்குப் பேர் வைத்தால் போதும். பையனிடமும் இதைச் சொல்லுங்கள். பொண்ணிடம் "அழுதா அழகு போயிடும்" என்று ஆரம்பிக்காமல் அவளிடமும் இதையே சொல்லுங்கள்.

பசி, தூக்கம் இரண்டையும் மறக்காதீர்கள். மத்தியானக் களி தாமதமான வீட்டில்தான் பாதிச் சண்டை.

எப்ப டாக்டர்கிட்ட காட்டணும்?

அடம் அடிக்கடி 25 நிமிடத்துக்கு மேல் நீண்டால். தன்னையே கடித்து, தலையை மோதிக்கொண்டால். ஐந்து வயது தாண்டியும் தினமும் பலமுறை வந்தால். இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை என்றால். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால். மாவட்ட அரசு மருத்துவமனையில் குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைப் பார்க்கத் தனி மையம் இருக்கிறது, பால்வாடி டீச்சரிடமோ கிராம செவிலியரிடமோ கேட்டால் அனுப்பிவைப்பார்கள். காசு கிடையாது.

ஒரு எச்சரிக்கை. பையன் என்றால் "அப்படித்தான் இருப்பான்" என்று தாமதிக்கிறார்கள். பொண்ணு சத்தமில்லாமல் மூலையில் இருந்தால் "அமைதியான புள்ள" என்று விட்டேவிடுகிறார்கள். இரண்டாவது தப்பு எனக்குத் தெரிந்து இன்னும் அதிகம்.

வளந்தா தானா சரியாயிடும்னு விட்டுடலாமா?

பெரும்பகுதி தானாகவே குறையும் என்று மூன்றாவது கேள்வியில் சொன்னேன். கட்டுப்பாடு மட்டும் பார்த்துப் பழக்கவேண்டியது. நியூசிலாந்தின் டுனெடின் ஊரில் 1972-73இல் பிறந்த 1,037 பேரைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்க்கிறார்கள். சிறு வயதில் கட்டுப்பாடு குறைவாக இருந்தவர்களுக்கு 32 வயதில் உடம்பு, கடன், போலீஸ் வழக்கு எல்லாவற்றிலும் சிக்கல் கூடுதல். அங்கேயும் பெண் குழந்தைகள் சராசரியில் முன்னால்தான், ஆனால் கட்டுப்பாடு இருந்தால் கிடைக்கும் பலன் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். நல்ல சேதி: இடையில் கட்டுப்பாடு வளர்ந்தவர்கள், ஆரம்பத்தை வைத்து எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தார்கள்.

அவங்க அப்பாவுக்கே கோவம் வந்தா சோத்துத் தட்டு பறக்குது. புள்ளைய மட்டும் அடக்கச் சொன்னா எப்படிங்க?

இதைக் கூட்டத்தில் யாரும் கேட்டதில்லை. கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது மெல்லிய குரலில் கேட்பார்கள்.

1961இல் ஆல்பர்ட் பண்டூரா என்ற ஆய்வாளர் 72 சின்னப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தது நேராக இதைப் பற்றித்தான். பெரியவர் ஒருவர் ஊதின பொம்மையை அடித்து உதைப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதே மாதிரி அடித்தார்கள். பையன்கள் கூடுதலாக அடித்தார்கள், அதுவும் அடித்தது ஆண் என்றால் இன்னும் கூடுதல். நம் ஊரில் இதற்கு ஆய்வே வேண்டாம். பாரதக் கூத்து நடந்த மறுநாள் தெருவில் பாருங்கள்: பையன்கள் எல்லாம் துரியோதனன், கையில் தென்னை மட்டை. ஆகவே பிள்ளையை மட்டும் அடக்கச் சொல்ல முடியாதுதான். தட்டு சுவரில் படாமல் உங்கள் மேல் படுகிறது என்றால் 181க்குப் போன் செய்யுங்கள், பெண்களுக்கான உதவி எண், இரவிலும் எடுப்பார்கள்.

காரிமங்கலம் பக்கம் ஒருவர் மட்டும் தானாக வந்து கேட்டார், அப்பாதான். கோபம் வந்தால் பேசாமல் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போங்கள், பிள்ளைக்குக் கேட்கும்படி "எனக்குக் கோவமா இருக்குது, மாட்டப் பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள் என்றேன். நாலைந்து மாதம் கழித்து அவர் மனைவியைச் சந்தையில் பார்த்தேன். நாலு வயதுப் பையன், தோசை கிழிந்துவிட்டது என்று எகிறினவன், திடீரென்று "நான் கோவமாக்குறேன், மாட்டப் பாக்கப் போறேன்" என்று எழுந்து போயிருக்கிறான். போய் மாட்டின் மேல் ஒரு கல்லையும் விட்டெறிந்திருக்கிறான். "இப்ப மாட்டுக்கு என்ன பண்றதுங்க?" என்றார் அந்த அம்மா.